புல்முடிச்சிலிருந்து கைகாட்டி வரை

தஞ்சையிலிருந்து திருவையாறு செல்லும் சாலை சுமார் 13 கிலோமீட்டர்தான். அச்சிறு தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுகிறோம். ஆறு வருமுன் சாலை மேடேறும். பாலம் வருமுன் வளையும். பாலத்தின் மேல் குறுகும். இறங்கியதும் கரையோரமாக ஒரு கிளை பிரியும். காவிரி பிரியும் இடமெல்லாம் சாலையும் பிரிவது டெல்டாவின் இயற்கை. ஆகவே, வழியறியாதவனுக்கு வழிகாட்டுவது எப்படி என்ற கேள்வி இம்மண்ணில் புதியதன்று. சாலைக் குறியீடுகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே இலக்கணம் வகுக்க நடந்த நீண்ட முயற்சியை, இந்த ஐந்தாற்றுச் சாலையில் நின்றுகொண்டு பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் எண்ணம். பொறியாளர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியர் எழுதலாமா என்று கேட்போருக்கு ஒரு விடைதான் நம்மிடம் உண்டு. குறியீடு என்பதும் மொழிதான்; அதற்கும் எழுத்து, சொல், பொருள் மூன்றும் உண்டு.

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் ஒரு கூத்தராற்றுப்படை. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். அவன் சொல்லும் இடர்களைப் பட்டியலிட்டால் நவீன எச்சரிக்கைப் பலகைகளின் வரிசைபோலவே இருக்கும். பன்றிக்காக அமைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள், முதலை கிடக்கும் நீர்நிலைகள் என்று அவ்வரிசை நீளும். இவற்றினும் நமக்கு முதன்மையானவை இரண்டு செய்திகள். வழிகள் கூடிப் பிரியும் இடத்தில் தரையைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்று புதிதாக வருவோருக்கு அவன் அறிவுறுத்துகிறான். பின்னால் வருகிறவர்கள் அந்த முடிச்சைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அதை அடுத்தே, செல்லும் தேயத்தின் பெயரை அறிந்துகொள்வதற்காகக் கல்லில் கொத்தி எழுதப்பட்ட எழுத்தும், மராமரத்தடியில் கடவுள் உறையும் கவர்த்த வழியும் பேசப்படுகின்றன. முதலாவது எழுத்தறியாதவருக்கான அடையாளம், இரண்டாவது எழுத்தறிந்தவருக்கானது. ஒரே சந்தியைப் பற்றிய பேச்சில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிற்காலத்தில் உலக நாடுகள் பல பத்தாண்டுகள் விவாதித்த கேள்வியின் இரு முனைகளும் இவையே.

அடையாளம் ஏதுமில்லாத சந்தியில் என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டும். புகாரிலிருந்து காவிரிக்கரை வழியே வந்து உறையூர் கடந்த கோவலனுக்குக் கொடும்பாளூருக்கு அப்பால் மதுரைக்குப் போகும் வழி தெரியவில்லை. சிவன் கைச் சூலம்போல் வழி மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு வழியிலும் என்னென்ன தென்படும் என்று மாங்காட்டு மறையோன் விரித்துரைக்கவேண்டியிருக்கிறது. ஒரு கல் நட்டிருந்தால் காடுகாண் காதையின் பாதி இல்லாமல் போயிருக்கும் என்று வகுப்பில் நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இளங்கோவடிகள் மன்னிப்பாராக.

கல் நட்டவர்களும் இருந்தார்கள். தருமபுரிப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அதியமான் பெருவழிக் கற்கள் ஏறத்தாழக் கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. நாவல் தாவளம் என்ற வணிகத் தங்கலிடம் இன்னும் எத்தனை காதம் என்பதை அவை சொல்கின்றன. ஒன்றில் 29 காதம், மற்றொன்றில் 27 காதம். 29 என்பதைத் தமிழ் எண்ணில் பொறித்ததோடு நின்றுவிடாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெருங்குழி ஒன்று பத்துக்கு, சிறுகுழி ஒன்று ஒன்றுக்கு. எழுத்தறியாத பொதிமாட்டுக்காரன் இருட்டில் வந்தாலும் விரலால் தடவித் தொலைவை அறிந்துகொள்ளலாம். கோவைக்கருகே சுண்டக்காமுத்தூரில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பர். அது தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலுமாக இருவகையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோழ நாட்டிலிருந்து வருபவனுக்கு ஒன்று, சேர நாட்டிலிருந்து வருபவனுக்கு மற்றொன்று என்று கொள்வதில் தவறில்லை. சாலையோரக் கல்லில் எந்த எழுத்து இருக்கவேண்டும் என்பதற்கு அக்காலத்தவர் கண்ட விடை, வழிப்போக்கன் எவனோ அவனுடைய எழுத்து என்பதே.

டெல்டாவுக்குத் திரும்புவோம். தஞ்சாவூர்ப் பெருவழி என்னும் பெயரைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். ஆனால் சோழர்கால முறைப்படுத்தலின் உச்சம் பெருவழிகளில் இல்லை, வயல்வெளியில் இருக்கிறது என்பது நம் எண்ணம். பிரமதேய ஊர்களின் நிலக்கொடைகளைப் படித்தவர்கள் அந்த வாய்பாட்டை அறிவர். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று அது செல்லும். வதி ஊரை ஒரு திசையில் அறுக்கும் பாதை. வாய்க்கால் அதைக் குறுக்கே வெட்டும் நீர்வழி. இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து கண்ணாறுகளையும் சதிரங்களையும் வரிசையாக எண்ணிக்கொண்டே போகலாம். ஊருக்கு ஒருமுறைகூட வராத அதிகாரியும் ஓலையைப் பார்த்து வயலைக் கண்டுபிடித்துவிட முடியும். பெயரை நம்பாமல் எண்ணை நம்புவது, எண்ணைத் திசையோடு பிணைப்பது என்னும் இரண்டு கொள்கைகளையும் அவர்கள் அடைந்திருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்பதற்குக் காரணம் 2010இல் இருக்கிறது. அதுவரை நம் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களில் ஒழுங்கு ஏதும் புலப்படாது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை, திருச்சி வழியே கோவை போனது 67. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியே தஞ்சை வந்தது 45சி. தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை வழியே மானாமதுரை போனது 226. இந்த எண்களிலிருந்து ஒருவர் எதையும் ஊகிக்க இயலாது. 2010 மார்ச்சில் மத்திய அரசு எண்களை மாற்றியமைத்தது. வடக்கு தெற்காகச் செல்பவை இரட்டைப்படை எண் பெற்றன. அவ்வெண்கள் கிழக்கிலிருந்து மேற்கே போகப்போகக் கூடும். கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை. அவை வடக்கிலிருந்து தெற்கே கூடும். கடற்கரையை ஒட்டி நாகை வழியே செல்வது 32. அதற்கு மேற்கே கும்பகோணம், தஞ்சை, புதுக்கோட்டை வழியே இறங்குவது 36. திருச்சியிலிருந்து கொள்ளிடத்தின் வடபுறமாகச் சிதம்பரம் போவது 81. அதற்குத் தெற்கே தஞ்சை வழியே நாகை போவது 83. தஞ்சையில் 36உம் 83உம் சந்திக்கின்றன. வதியும் வாய்க்காலும் சந்திக்கும் கணக்கேதான் இது. கண்ணாறும் சதிரமும்தான் இல்லை. மாற்றம் வந்து பல ஆண்டுகள் ஆனபின்பும் நம்மூர்க்காரர்கள் நாகை ரோடு, கும்பகோணம் ரோடு என்றே சொல்வது வேறு கதை. எண் வந்து பழக ஒரு தலைமுறை ஆகும். பெயர் போக மூன்று தலைமுறை ஆகும்.

எண்ணுக்கு முன்பே சின்னத்தைப் பற்றிய பேச்சு உலகில் தொடங்கிவிட்டது. மோட்டார் வண்டிகள் நாட்டெல்லைகளைக் கடக்கத் தொடங்கியதும், 1909இல் பாரிசில் கூடிய ஐரோப்பிய நாடுகள் நான்கே நான்கு சின்னங்களுக்கு ஒப்புக்கொண்டன. மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்தி, இருப்புப்பாதைக் கடவு. பின்னர் 1931இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை வந்தது. பிரிட்டன் அதில் சேரவில்லை. சின்னத்தைவிடச் சொல்லையே பெரிதும் நம்பியது அமெரிக்கா. 1935இல் தனக்கெனத் தனிக் கையேடு வகுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் ஐக்கிய நாடுகள் சபை, உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே முறையைக் காண ஆறு நாடுகளின் வல்லுநர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. அந்த அறுவரில் ஒருவர் இந்தியர். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன, எழுத்தறிந்தோர் குறைவாயிருந்த ஒரு நாட்டுக்கு அங்கே ஓர் இருக்கை கிடைத்தது பொருத்தமானதே. படிக்கத் தெரிந்தவர்களின் நாடு சொல்லால் சமாளித்துக்கொள்ளும். நமக்குச் சின்னம்தான் கதி. அக்குழுவின் வரைவு உடன்படிக்கையாகவில்லை. 1968இல் வியன்னாவில்தான் பேச்சு முடிந்தது. ஆபத்துக்கு முக்கோணம், விலக்குக்கும் கட்டளைக்கும் வட்டம், செய்திக்குச் செவ்வகம் என்ற வடிவ இலக்கணத்தை இன்று நாம் அங்கிருந்தே பெற்றிருக்கிறோம். இந்தியா அதில் இணைந்தது 1980இல்.

உள்நாட்டில் நடந்ததையும் சுருங்கச் சொல்லிவிடலாம். 1927இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் சாலை மேம்பாட்டுக் குழு அமைந்தது. 1934இல் இந்திய சாலைக் காங்கிரஸ் தோன்றியது. 1943இல் தலைமைப் பொறியாளர்கள் நாகபுரியில் கூடி, அடுத்த இருபதாண்டுகளுக்கான திட்டத்தை வகுத்தார்கள். வேளாண்மை செழித்த பகுதிகளில் எந்தக் கிராமமும் முதன்மைச் சாலையிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் விலகியிருக்கலாகாது என்பது அவர்கள் வைத்த இலக்கு. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஊர்ச்சாலை என்னும் பகுப்பு அங்கேதான் உருப்பெற்றது. இன்று கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசியம், பச்சை பூசியிருந்தால் மாநிலம் என்று சிறுவர்களும் சொல்வது அப்பகுப்பின் தொடர்ச்சியே. பம்பாய்த் திட்டம் 1961இலும் இலக்னோத் திட்டம் 1981இலும் தொடங்கின, ஒவ்வொன்றும் இருபதாண்டு. நீளத்தை இருபதாண்டு முன்னோக்கி எண்ணிய நாடு, அந்நீளத்தில் நடக்கவேண்டிய பேச்சை அத்தனை விரைவாக எண்ணவில்லை. சாலைக் குறியீடுகளுக்கான நடைமுறை விதிநூலாகிய ஐ.ஆர்.சி. 67 வெளிவந்தது 1977இல். நாகபுரி மாநாட்டுக்கு 34 ஆண்டுகள் கழித்து. சிக்னல் விளக்குகளுக்கான வழிகாட்டி நூல் 1985இல் வந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சின்னங்களைத் தன் முதல் அட்டவணையில் படங்களாகவே சேர்த்துக்கொண்டது. விதிநூல் 2001, 2012, 2022 ஆகிய ஆண்டுகளிலும் பிறவற்றிலும் திருத்தம் கண்டது.

அந்தப் பட்டியலைப் புரட்டினால் நம் மனத்தைத் தொடுபவை சில உண்டு. மாட்டுவண்டி செல்லக்கூடாது, கைவண்டி செல்லக்கூடாது, குதிரைவண்டி செல்லக்கூடாது என்று தனித்தனியே சின்னங்கள். ஐரோப்பாவில் வரைந்ததை அப்படியே பெயர்த்து நட்டுவிடாமல், நம் சாலையில் எது ஓடுகிறது என்று பார்த்த கண்கள் அவை. விலக்குவதற்காகவேனும் மாட்டுவண்டியை நினைவில் வைத்திருந்தார்கள். படகுத்துறைக்கும் ஒரு சின்னம் உண்டு. கொள்ளிடக்கரைக்காரர்களுக்கு அது நெருக்கமானது. பாறை உருளும் இடம் என்ற சின்னத்தைத் தஞ்சை மாவட்டத்தில் எங்கே நடுவது என்பதுதான் தெரியவில்லை.

சிவப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். செம்மை என்றால் நமக்கு நேர்மை, சிறப்பு. குங்குமமும் செம்மண் கோலமும் மங்கலம். சிவப்பு என்றால் நில் என்பதை டெல்டா உழவர் இருப்புப்பாதையிடமிருந்தே கற்றிருக்கவேண்டும். நாகையிலிருந்து தஞ்சைக்கும் பின் திருச்சிக்கும் 1861-62இல் இரயில் வந்தது. அதன் கையசைக்கும் கம்பத்துக்கு மக்கள் கைகாட்டி என்று பெயரிட்டார்கள். சாலைச் சந்திகளில் ஊர்ப்பெயரோடு கைநீட்டி நின்ற பலகைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கைகாட்டி என்றே வழங்கும் பேருந்து நிறுத்தங்கள் இன்றும் பல ஊர்களில் உள்ளன. பலகை போய்விட்டது, பெயர் நிற்கிறது. எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் அமராமல் பிறந்த இச்சொல்லுக்கு ஈடாக ஒரு சொல்லை நாம் அறியோம்.

சின்னத்தில் இல்லாத சண்டை எழுத்தில் வந்தது. 1952 ஆகஸ்டில் திராவிடர் கழகத்தாரும் தி.மு.க.வினரும் இரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழித்தார்கள். மறு ஆண்டு ஜூலை 15ஆம் நாள், கொள்ளிடத்துக்கு வடக்கே டால்மியாபுரம் நிலையத்தில், அப்பெயரை மறைத்துக் கல்லக்குடி என்ற தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி. இன்று அந்நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். ஒரு பெயர்ப்பலகை ஓர் அரசியல் வாழ்வின் தொடக்கப் பக்கங்களில் ஒன்றாக ஆனது. 2017இல் வேலூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளின் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலம் அழிக்கப்பட்டு இந்தி எழுதப்பட்டபோது கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. தேசிய விதி என்பதும் வழிப்போக்கனின் எழுத்து என்பதும் மோதிக்கொண்ட இடம் அது. அச்சாலைகளில் வடநாட்டு லாரி ஓட்டுநர்கள் வருகிறார்களே என்ற வாதத்தை நாம் முற்றிலும் தள்ளவில்லை. சுண்டக்காமுத்தூர்க் கல் அவர்களுக்கும் இடம் தந்திருக்கும். ஆனால் ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை எழுதச் சொல்லியிராது.

தமிழிலேயே எழுதினாலும் எந்தத் தமிழில் என்ற கேள்வி எழுவதுண்டு. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. கல்லணையின் ணையும் மன்னார்குடியின் னாவும் அவற்றுள் அடங்கும். அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய பலகையில் கல்லணைக்குத் துதிக்கை ஐகாரம் இருந்திருக்கும். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒரு துன்பமும் இல்லை. அவற்றில் அந்த எழுத்துகள் இல்லை. மாயவரம், மாயூரமாகி, 1982இல் மயிலாடுதுறையானது. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் பெயர்களை, ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழ் ஒலிப்பு வரும்படி மாற்றி ஆணை வெளியிட்டது. ஒலிபெயர்ப்பில் குறை சொன்னவர்கள் மிகுதியாயினர். பத்து நாள்கூட ஆகாமல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, அவசரம்தான் கெடுத்தது. ஒரே ஊரை ஒரே சாலையில் மூன்று பலகைகள் மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் சொல்வதை இன்றும் பார்க்கிறோம். இரவில் விரைந்து வருகிறவன் ஒரு பெயரை ஒருமுறைதான் பார்க்கிறான். அதை ஐயத்தோடு பார்த்தால் அவன் கண் சாலையில் இல்லை என்று பொருள்.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. பலகைகள் சரியாக இருந்திருந்தால் இவர்களில் எத்தனைபேர் பிழைத்திருப்பர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நம் டெல்டாவுக்குரிய ஓர் ஆபத்து எந்த அட்டவணையிலும் இல்லை என்பதைச் சொல்லலாம். குறுவை அறுவடை ஐப்பசி மழையை ஒட்டி வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள். ஊர்க் களம் போதாது. கிடைத்த ஒருநாள் வெயிலில் உழவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? தார்ச்சாலைதான் அவருக்குக் களம். சாலையின் பாதியில் நெல், மீதிப் பாதியில் இருபுறப் போக்குவரத்து. பொழுது சாய்ந்தபின் குவித்து மூடிய நெல்லின்மேல் ஏறிச் சறுக்கிய இருசக்கர வண்டிகளைப் பற்றி இப்பகுதியில் கேள்விப்படாதவர் இரார். இதற்குச் சின்னம் வரைந்து முக்கோணத்துக்குள் வைக்கலாமா என்றால், அது சட்டப்படி கூடாததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார்கள் அதிகாரிகள். களம் கட்டித் தருவதே முறை என்பார்கள் உழவர்கள். இதில் நாம் உழவர் பக்கம். ஆயினும் களம் வரும்வரை இரவில் வருகிறவனுக்கு யார் சொல்வது?

உழவர்தான் சொல்கிறார். நெற்குவியலின் இரு தலைப்பிலும் கருங்கல் வரிசை வைத்து, வேலியிலிருந்து ஒடித்த ஒரு கிளையை நட்டு வைக்கிறார். பழுதாகி நின்ற லாரியின் பின்னாலும் அதே கிளைதான். ஒளிவீசும் முக்கோணத்தை வண்டியில் வைத்திருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பூவரசங்கிளையை ஒடித்து வருகிறார். அதைக் கண்டதும் தமிழர், தெலுங்கர், பீகாரி எவராயினும் வேகத்தைக் குறைக்கிறார்கள். மலைபடுகடாத்துக் கூத்தர் முடிந்த புல்லின் வழித்தோன்றல் என்று அந்தக் கிளையைக் கருத நமக்கு ஆசை. ஆனால் கூத்தரின் புல் சில நாளில் காய்ந்து உதிர்ந்திருக்கும். நெல்லை அள்ளிக்கொண்டு போனபின், லாரி பழுது நீங்கிப் புறப்பட்டபின், கிளை வாடிச் சாலையோரம் கிடக்கிறது. கருங்கற்கள் மட்டும் வைத்த இடத்திலேயே, சாலையின் நடுவே, இருட்டில் இருக்கின்றன.